கட்சிக்கு முழுக் கழிவு, தர்மத்துக்குப் பாதி: நன்கொடையும் வருமான வரியும்

2025 ஜூலை 14 அன்று வருமான வரித் துறை நாடு முழுக்க 150 இடங்களில் சோதனை நடத்தியது. பொய்யான கழிவுகளைக் காட்டி ரீஃபண்ட் வாங்கித் தரும் இடைத்தரகர்களைக் குறிவைத்த சோதனை அது. துறையின் அறிக்கையில் பெயர் சொல்லப்பட்ட மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் சுமார் 40,000 பேர் தங்கள் கணக்கைத் தாங்களே திருத்தி, 1,045 கோடி ரூபாய் அளவுக்குப் பொய்க் கழிவுகளை விலக்கிக்கொண்டதாகவும் அந்த அறிக்கை சொன்னது. வீட்டு வாடகை, கல்விக் கடன், மருத்துவக் காப்பீடு என்று பல கழிவுகள் அதில் கலந்திருந்தாலும், திரும்பத் திரும்ப அடிபட்ட பெயர், கட்சி நன்கொடைக்குக் கழிவு தரும் 80ஜிஜிசி என்ற பிரிவு. டிசம்பரில் நன்கொடைக் கழிவு காட்டிய பலருக்கு எஸ்.எம்.எஸ்.ஸும் மின்னஞ்சலும் போயின. சரிபார்த்து, தவறு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம்.

அப்போதுதான் பலருக்கு ஒரு விஷயம் தெரியவந்தது: அரசியல் கட்சிக்குப் பணம் கொடுத்தாலும் வரி குறையும். அதுவும் அனாதை இல்லத்துக்குக் கொடுப்பதைவிட அதிகமாகக் குறையும். இது எப்படி என்று கேட்பவர்களுக்காக, அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

கழிவு, விலக்கு, தள்ளுபடி: மூன்றும் வேறு

பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் வரிவிலக்கு என்று சொல்லிவிடுகிறோம். பாதிக் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

1. விலக்கு என்றால் அந்த வருமானம் கணக்கிலேயே வராது. விவசாய வருமானம் ஓர் உதாரணம். அரசியல் கட்சி வாங்கும் நன்கொடையும், சில நிபந்தனைகளோடு, இதில் சேரும்.

2. கழிவு என்றால் வருமானத்திலிருந்து ஒரு தொகையைக் கழித்துவிட்டு மீதிக்கு வரி போடுவது. நன்கொடை கொடுப்பவருக்குக் கிடைப்பது இதுதான்.

3. தள்ளுபடி என்றால் போட்ட வரியிலிருந்தே குறைப்பது. புதிய வரிமுறையில் 12 லட்சம் வரை வரி இல்லை என்கிறார்களே, அது தள்ளுபடியால் வருவது.

"100 சதவீதக் கழிவு" என்பதைக் கொடுத்த பணம் அப்படியே திரும்பி வரும் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படி வராது. பழைய வரிமுறையில், 10 லட்சத்துக்கு மேல் வருமானம் உள்ள ஒருவருக்கு அந்த மேல்பகுதிக்கு வரி 30 சதவீதம். அதன் மேல் 4 சதவீத செஸ் சேர்த்தால் 31.2 சதவீதம். இவர் ஒரு லட்சம் ரூபாய்க்கு முழுக் கழிவு பெற்றால் மிச்சமாவது 31,200 ரூபாய். மீதி 68,800 அவர் கைக்காசு.

அந்த 31,200 எங்கிருந்து வருகிறது? அரசுக்கு வந்திருக்க வேண்டிய வரியிலிருந்து. அதாவது நன்கொடையாளர் ஒரு லட்சம் கொடுத்தார் என்றால், அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை மற்ற வரிதாரர்கள் போட்டிருக்கிறோம். யாருக்குக் கொடுப்பது என்பதை மட்டும் அவர் முடிவு செய்கிறார். இந்தக் கணக்கு மனதில் இருந்தால்தான் மேற்கொண்டு வருவதெல்லாம் விளங்கும்.

தர்மத்துக்குக் கொடுத்தால்: 80ஜி

வருமான வரிச் சட்டம் 1961இல் அறப்பணி என்பதற்கு ஒரு வரையறை இருக்கிறது. ஏழைகளுக்கு உதவுவது, கல்வி, மருத்துவம், யோகா, சுற்றுச்சூழல் பாதுகாப்பு, பழம்பெரும் சின்னங்களைக் காப்பது, அப்புறம் பொதுமக்களுக்குப் பயன்படும் வேறு எந்த நோக்கமும். 2026 ஏப்ரல் 1 முதல் வருமான வரிச் சட்டம் 2025 நடைமுறைக்கு வந்து பிரிவு எண்களெல்லாம் மாறிவிட்டன. ஆனால் ஆடிட்டர் அலுவலகத்திலும் ரசீதுப் புத்தகத்திலும் இன்னும் புழங்குவது பழைய எண்தான் என்பதால் இங்கேயும் அதையே வைத்துக்கொள்வோம்.

80ஜி என்பது ஒரே கதவு மாதிரித் தெரிந்தாலும் உள்ளே பல அறைகள்:

1. முழுக் கழிவு, உச்சவரம்பு கிடையாது: பிரதமரின் தேசிய நிவாரண நிதி, பி.எம். கேர்ஸ், எந்த மாநிலத்தின் முதலமைச்சர் நிவாரண நிதியும்.

2. பாதிக் கழிவு, உச்சவரம்போடு: நாம் சாதாரணமாகக் கொடுக்கும் அறக்கட்டளைகள், முதியோர் இல்லங்கள், பள்ளிகள், தொண்டு நிறுவனங்கள் ஏறக்குறைய எல்லாமே இந்த அறையில்தான்.

3. முழுக் கழிவும் உச்சவரம்பும் சேர்ந்தவை, பாதிக் கழிவும் வரம்பின்மையும் சேர்ந்தவை என்று இன்னும் இரண்டு சிறிய அறைகள். பாதிக் கழிவு, வரம்பின்மை என்ற அந்த அறையில் நேரு, இந்திரா, ராஜீவ் பெயர் தாங்கிய மூன்று நிதிகள் பல ஆண்டுகள் இருந்தன. 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம் மூன்றையும் நீக்கியது. தர்மப் பட்டியலிலும் அரசியல் வாசனை இல்லாமல் இல்லை.

உச்சவரம்பு என்பது என்ன? மற்ற கழிவுகளெல்லாம் போக உள்ள வருமானத்தில் 10 சதவீதம். அதற்கு மேல் எவ்வளவு அள்ளிக் கொடுத்தாலும் வரிக் கணக்கில் அது இல்லாத மாதிரிதான். அடுத்த ஆண்டுக்கு எடுத்துப்போகவும் முடியாது.

நிபந்தனைகள் இன்னும் இருக்கின்றன. ரொக்கமாகக் கொடுத்தால் 2,000 ரூபாய் வரைதான் செல்லும். 2017க்கு முன் இது 10,000 ஆக இருந்தது. பொருளாகக் கொடுத்தால் ஒன்றுமே கிடையாது. வெள்ளக் காலத்தில் நூறு மூட்டை அரிசியையும் போர்வைகளையும் லாரியில் ஏற்றி அனுப்பியவருக்கு ஒரு ரூபாய்க் கழிவும் இல்லை. அதே பணத்தை முதலமைச்சர் நிவாரண நிதிக்கு வங்கி வழியாக அனுப்பியவருக்கு முழுக் கழிவு.

கோயிலுக்குக் கொடுப்பது தனிக்கதை. குறிப்பிட்ட மதத்துக்கோ சாதிக்கோ மட்டும் பயன்படும் அறக்கட்டளைக்கு 80ஜி அனுமதி கிடைக்காது. ஆனால் வரலாற்று, கலைச் சிறப்பு உள்ளது என்றோ, ஒரு மாநிலம் முழுக்கப் புகழ்பெற்றது என்றோ மத்திய அரசு அறிவித்த வழிபாட்டுத் தலத்தின் திருப்பணிக்குக் கொடுத்தால் பாதிக் கழிவு உண்டு. மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் 2017இல் இப்படி அறிவிக்கப்பட்டது. அயோத்தி ராமர் கோயில் அறக்கட்டளை 2020இல். உண்டியலில் போட்டது எந்தக் கோயிலாக இருந்தாலும் கணக்கில் வராது. ரசீது இல்லாத இடத்தில் கழிவு இல்லை.

இதையெல்லாம்விட முக்கியமான மாற்றம் 2021இல் வந்தது. பழைய அறக்கட்டளைகள் எல்லாமே புதிதாகப் பதிவு செய்ய வேண்டும் என்றார்கள். அந்தப் பதிவையும் காலாகாலத்தில் புதுப்பிக்க வேண்டும். அதோடு, யார் யாரிடம் எவ்வளவு வாங்கினோம் என்று நன்கொடையாளரின் பான் எண்ணோடு 10பிடி என்ற படிவத்தில் அறக்கட்டளையே துறைக்குச் சொல்ல வேண்டும். நிதியாண்டு முடிந்ததும் மே 31க்குள் இது போக வேண்டும். அப்போதுதான் நன்கொடையாளருக்கு 10பிஇ சான்றிதழ் கிடைக்கும். அவர் காட்டும் கழிவும் அறக்கட்டளை சொன்ன தொகையும் கணினியில் நேருக்கு நேர் ஒப்பிடப்படும். வெறும் ரசீதைக் காட்டிக் கழிவு கேட்ட காலம் போய்விட்டது.

கட்சிக்குக் கொடுத்தால்: 80ஜிஜிபி, 80ஜிஜிசி

இங்கே விதிகள் ஒரு கையளவுதான். அதுவே கவனிக்க வேண்டிய செய்தி.

1. இந்திய கம்பெனி கொடுத்தால் 80ஜிஜிபி. தனிநபர், கூட்டுக் குடும்பம், கூட்டு வணிக நிறுவனம் போன்றவை கொடுத்தால் 80ஜிஜிசி.

2. கழிவு 100 சதவீதம். வருமானத்தில் இத்தனை சதவீதம்தான் என்ற வரம்பு கிடையாது.

3. ரொக்கம் கூடாது, ஒரு ரூபாய்கூட. காசோலை, வங்கிப் பரிமாற்றம், யு.பி.ஐ. போன்ற வழிகள் மட்டும்.

4. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951இன் 29ஏ பிரிவில் பதிவு செய்த கட்சியாக இருந்தால் போதும். தேர்தலில் பெற்ற வாக்கு, இடங்களை வைத்துத் தேர்தல் ஆணையம் தரும் அங்கீகாரம் தேவையில்லை. நன்கொடைகளைத் திரட்டிக் கட்சிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் தேர்தல் அறக்கட்டளைக்குக் கொடுத்தாலும் செல்லும்.

5. வேட்பாளருக்கு நேரடியாகக் கொடுத்தால் கழிவு கிடையாது. உங்கள் தொகுதியில் நிற்கும் சுயேச்சை எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவருக்குக் கொடுத்தது வெறும் செலவுதான்.

நான்காவது விதியில் உள்ள "பதிவு" என்ற சொல்லை நினைவில் வையுங்கள். பின்னால் வரும் எல்லாக் கோளாறும் அதைப் பிடித்துக்கொண்டுதான் வந்தது.

ஒரே ஆள், ஒரே தொகை

மற்ற கழிவுகள் போக 15 லட்சம் வருமானம் உள்ள ஒருவர், பழைய வரிமுறையில் இருப்பவர், 4 லட்சம் ரூபாயை நன்கொடையாகக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

முதியோர் இல்லம் நடத்தும் ஓர் அறக்கட்டளைக்குக் கொடுத்தால்: 10 சதவீத வரம்புப்படி 1.5 லட்சம்தான் கணக்கில் ஏறும். அதில் பாதி, 75,000 ரூபாய், கழிவு. மிச்சமாகும் வரி 23,400 ரூபாய்.

கட்சிக்குக் கொடுத்தால்: நான்கு லட்சமும் கழிவு. வருமானம் 11 லட்சமாக இறங்குகிறது. மிச்சமாகும் வரி 1,24,800 ரூபாய்.

ஐந்து மடங்குக்கும் மேல். கொடுத்தவர் ஒருவரே, தொகையும் ஒன்றே. முதியோர் இல்லத்துக்குப் போன நான்கு லட்சத்தில் பொதுமக்களின் பங்கு ஆறு சதவீதத்துக்கும் குறைவு. கட்சிக்குப் போனதில் 31 சதவீதம்.

இப்படி ஒரு சட்டம் எப்படி வந்தது?

தர்மத்துக்குச் சலுகை கொடுக்கும் காரணம் எளிது. மருத்துவமனையும் பள்ளியும் அரசு செய்ய வேண்டிய வேலை. வேறு யாராவது செய்தால் அரசுக்குச் சுமை குறையும், ஆகவே ஒரு பங்கை அரசு விட்டுக்கொடுக்கிறது. அரசியலுக்கு இந்த வாதம் பொருந்தாது. அதற்குச் சொல்லப்பட்ட காரணம் வேறு: கறுப்புப் பணத்தை வெள்ளைக்குக் கொண்டுவருவது.

இதன் பின்கதை நீளமானது. 1957இல் டாடா இரும்பு எஃகு நிறுவனம், கட்சிகளுக்குப் பணம் கொடுக்க வழிசெய்யும்படி தன் அமைப்பு விதிகளை மாற்ற பம்பாய் உயர் நீதிமன்றத்தின் அனுமதியைக் கேட்டது. தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா அனுமதித்தார், ஆனால் மனமில்லாமல். இந்தப் பழக்கம் வளர்ந்தால் ஜனநாயகத்தின் கழுத்தை நெரிக்கும், நாடாளுமன்றம் கவனிக்க வேண்டும் என்று தீர்ப்பிலேயே எச்சரித்தார். 1969இல் இந்திரா காந்தி அரசு கம்பெனி நன்கொடையை முழுக்கத் தடை செய்தது.

தடை வந்ததும் பணம் நின்றுவிட்டதா என்றால், இல்லை. மாநாட்டு மலரில் விளம்பரமாக மாறியது. கட்சி மாநாடு நடக்கும்; மலர் அச்சாகும்; அதில் ஆலைகளும் கம்பெனிகளும் முழுப்பக்க வாழ்த்து விளம்பரம் கொடுக்கும். நன்கொடை என்றால்தானே தடை? இது விளம்பரம், வியாபாரச் செலவு. வருமான வரியிலும் கழித்துக்கொள்ளலாம். இதை அடைக்கத்தான் கட்சி மலர், துண்டுப் பிரசுரம் போன்றவற்றில் போடும் விளம்பரம் வியாபாரச் செலவு ஆகாது என்று 1978இல் 37ஆம் பிரிவில் ஒரு வரி சேர்த்தார்கள். கட்சிகளின் வருமானத்துக்கு விலக்குத் தரும் 13ஏ பிரிவும் அதே ஆண்டுச் சட்டத்தில்தான் வந்தது. அந்த மலர் விதி இன்றும் உயிரோடு இருக்கிறது. கடைக்காரர் ஒருவர் கும்பாபிஷேக மலரில் போட்ட விளம்பரத்தை, அது வியாபாரத்துக்கானதுதான் என்று காட்ட முடிந்தால், செலவுக் கணக்கில் எழுதலாம். கட்சி மாநாட்டு மலரில் போட்டதை எழுத முடியாது.

வேடிக்கை என்னவென்றால், கம்பெனி அதே மாநாட்டு மலரில் விளம்பரம் கொடுத்தால், கம்பெனிச் சட்டத்தின் வரையறைப்படி அது கட்சிக்கான பங்களிப்பு. ஆகவே 80ஜிஜிபியில் முழுக் கழிவு! முன்வாசலில் திருப்பி அனுப்பிய விருந்தாளிக்குப் பின்வாசலில் இலை போட்ட கதை.

1985இல் கம்பெனி நன்கொடைத் தடை நீங்கியது. லாபத்தில் 5 சதவீதம் வரை கொடுக்கலாம் என்றார்கள்; 2013 கம்பெனிச் சட்டத்தில் அது மூன்று ஆண்டு சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதமாக உயர்ந்தது. இதற்கு நடுவில், 2003இல், தேர்தல் தொடர்பான சட்டங்களைத் திருத்தியபோது 80ஜிஜிபியும் 80ஜிஜிசியும் வந்தன. காசோலையில் கொடுங்கள், வரியைக் குறைக்கிறோம் என்பதுதான் பேரம். அப்போதும் ரொக்கத்துக்குத் தடை இல்லை என்பது தனி விநோதம். கழிவு வேண்டுமானால் ரொக்கம் கூடாது என்ற நிபந்தனையே 2013 நிதிச் சட்டத்தில்தான் வந்தது.

அப்புறம் 2017. 7.5 சதவீத வரம்பு போனது. எந்தக் கட்சிக்குக் கொடுத்தோம் என்று கம்பெனி சொல்ல வேண்டிய கட்டாயமும் போனது. தேர்தல் பத்திரம் வந்தது. பெயர் தெரியாமல் கொடுக்கலாம், கழிவும் வாங்கலாம். யாருக்குப் போனது என்று மக்களுக்குச் சொல்லப்படாத பணத்தில் மக்களின் பங்கும் கலந்திருந்தது. 2024 பிப்ரவரி 15 அன்று தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு பத்திரத் திட்டத்தையும், வரம்பை நீக்கிய திருத்தத்தையும் சேர்த்தே ரத்து செய்தது. வரிக் கழிவு அந்த வழக்கின் பொருளாக இல்லை. அது அப்படியே நிற்கிறது.

மற்ற நாடுகளில் எல்லாம் இப்படித்தானா என்றால், இல்லை. அமெரிக்காவில் தர்மத்துக்குக் கழிவு உண்டு, கட்சிக்கோ வேட்பாளருக்கோ கொடுத்தால் கிடையாது. கழிவு பெறும் தொண்டு நிறுவனம் தேர்தல் பிரசாரத்தில் இறங்கக் கூடாது என்று 1954 முதல் விதியும் இருக்கிறது. கனடா நேர் எதிர்: கட்சிக்குக் கொடுக்கும் முதல் 400 டாலருக்கு 75 சதவீதத்தை வரியிலிருந்தே குறைத்துவிடுகிறது. ஆனால் தொகை ஏற ஏறச் சலுகை தேய்ந்து, மொத்தம் 650 டாலரோடு நின்றுவிடும். கையில் ஐந்நூறு, ஆயிரம் உள்ளவரும் அரசியலுக்குக் கொடுக்கட்டும் என்பதே அதன் நோக்கம். நம் சட்டம் சிறு தொகைக்கும் பெருந்தொகைக்கும் வித்தியாசம் பார்ப்பதில்லை. வரி விகிதம் அதிகமாக உள்ளவருக்கே அதிக லாபம் என்பதால், பெருந்தொகைக்குத்தான் சாய்கிறது.

வாங்குபவர் பக்கம்

கொடுப்பவருக்குக் கிடைக்கும் சலுகையில் மட்டுமல்லாமல், வாங்கும் இடத்திலும் இரண்டு அளவுகோல்கள் இருக்கின்றன.

அறக்கட்டளைக்குப் பெயர் தெரியாத நன்கொடை வந்தால், மொத்த நன்கொடையில் 5 சதவீதம் அல்லது ஒரு லட்சம் ரூபாய், இதில் எது அதிகமோ அதற்கு மேற்பட்ட தொகைக்கு 30 சதவீத வரி. முழுக்க சமயப் பணிக்கான அமைப்புகளுக்கு மட்டும் இதில் விதிவிலக்கு. இல்லாவிட்டால் உண்டியல் வைக்க முடியாது.

கட்சிக்கு 20,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தவரின் பெயரும் முகவரியும் பதிவாக இருந்தால் போதும். அதற்குக் கீழே எத்தனை ஆயிரம் சில்லறை நன்கொடைகள் வந்தாலும் யார் கொடுத்தார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை, வரியும் கிடையாது. ரொக்கமாக ஒருவரிடம் 2,000 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்பது 2017இல் வந்த கட்டுப்பாடு. பெயரே பதிவில்லாத இடத்தில் ஒருவர் எத்தனை முறை இரண்டாயிரம் கொடுத்தார் என்று யார் எண்ணுவது?

விதியை மீறினால் கட்சிக்கும் அடி விழும் என்பதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. 2018-19 மதிப்பீட்டு ஆண்டுக்கான, அதாவது 2017-18 நிதியாண்டு வருமானத்துக்கான, கணக்கைக் காங்கிரஸ் 2018 டிசம்பர் 31க்குள் கொடுத்திருக்க வேண்டும். 2019 பிப்ரவரி 2 அன்று கொடுத்தது. ரொக்கமாக வாங்கியதில் 14.49 லட்சம் ரூபாய் 2,000 ரூபாய் விதிக்கு முரணாக இருந்தது. விளைவு, 199 கோடி ரூபாய்க்கு அது கேட்ட விலக்கு மறுக்கப்பட்டது. வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் 2025 ஜூலையில் அதையே உறுதி செய்தது.

இரண்டு பக்கத்துக்கும் நடுவே சில சுவர்களும் உண்டு. கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்காகச் செலவிட வேண்டிய 2 சதவீதத்தைக் கட்சிக்குக் கொடுத்துக் கணக்கு முடிக்க முடியாது. அறக்கட்டளை தன் பணத்தைக் கட்சிக்குக் கொடுத்தால் அது அறப்பணியாகாது.

ஓட்டை எங்கே விழுந்தது

ஒரு கட்சியைப் பதிவு செய்ய 100 உறுப்பினர்களும் 10,000 ரூபாய்க் கட்டணமும் சில பத்திரங்களும் போதும். 2025 ஆகஸ்ட்டில் நாட்டில் இருந்த பதிவு செய்யப்பட்ட, அங்கீகாரம் பெறாத கட்சிகள் 2,854. தேசியக் கட்சிகள் ஆறு என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இவற்றில் உண்மையாகவே அரசியல் செய்யும் சிறு கட்சிகளும் இருக்கின்றன. பெயர்ப்பலகைகூட இல்லாதவையும் இருந்தன.

மோசடி நடந்த விதம் இது:

1. இடைத்தரகர் ஒருவர், பெரும்பாலும் கணக்குத் தாக்கல் செய்து கொடுப்பவர், சம்பளக்காரரிடம் ரீஃபண்ட் வாங்கித் தருவதாகச் சொல்கிறார்.

2. சம்பளக்காரர் ஒரு லட்சம் ரூபாயை வங்கி வழியாக ஒரு கட்சியின் கணக்குக்கு அனுப்புகிறார். ரசீது வருகிறது.

3. கமிஷன் போக மீதி ரொக்கமாகவோ வேறு கணக்குகள் வழியாகச் சுற்றியோ திரும்பி வருகிறது. கமிஷன் 5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 95,000 ரூபாய் கைக்கு வந்துவிடும்.

4. கணக்கில் ஒரு லட்சத்துக்குக் கழிவு. 30 சதவீத வரம்பில் இருப்பவருக்கு 31,200 மிச்சம். ஐயாயிரம் செலவில் 26,200 ரூபாய் லாபம்.

பணமே அனுப்பாமல் வெறும் எண்ணை மட்டும் கணக்கில் போட்டவர்களும் இருந்தார்கள்.

ஏன் கட்சி? ஏன் அறக்கட்டளை இல்லை? அறக்கட்டளைகளிலும் இந்தத் தொழில் நடந்ததுதான். ஆனால் அங்கே பாதிக் கழிவு, 10 சதவீத வரம்பு, 2021க்குப் பிறகு 10பிடி படிவம். கட்சியில் முழுக் கழிவு, வரம்பு இல்லை, ஒவ்வொரு நன்கொடையாளரின் பான் எண்ணையும் துறைக்குத் தெரிவிக்கும் 10பிடி மாதிரியான படிவமும் இல்லை. ஒரு வாய்க்காலை அடைத்தால் தண்ணீர் பக்கத்து வாய்க்காலில்தானே போகும்.

2022 செப்டம்பரில் இத்தகைய கட்சிகள் மீது நாடு தழுவிய சோதனை நடந்தது. 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து 80ஜிஜிசி கேட்பவர், கொடுத்த தேதி, பரிமாற்ற எண், வங்கியின் ஐ.எஃப்.எஸ்.சி. எண் எல்லாவற்றையும் கணக்கிலேயே தர வேண்டும் என்றானது. தேர்தல் ஆணையம் 2019 முதல் ஆறு ஆண்டுகளாக ஒரு தேர்தலில்கூட நிற்காத 334 கட்சிகளை 2025 ஆகஸ்ட்டில் பட்டியலிலிருந்து நீக்கியது. செப்டம்பரில் இன்னும் 474. "நீக்கியது" என்ற சொல்லைக் கவனித்துத்தான் போட வேண்டியிருக்கிறது. ஒருமுறை பதிவு செய்த கட்சியின் பதிவை ரத்து செய்யும் பொதுவான அதிகாரம் ஆணையத்துக்கு இல்லை என்று 2002இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மோசடியாகப் பதிவு பெற்றது போன்ற சில காரணங்களுக்கு மட்டுமே முடியும். எனவே பட்டியலிலிருந்து எடுப்பதுதான் வழி.

மாட்டிக்கொண்டால் கணக்கு தலைகீழாகும். மேலே சொன்ன உதாரணத்தில் 31,200 ரூபாய் வரியைத் திருப்பிக் கட்ட வேண்டும். வருமானத்தைத் திரித்துக் காட்டியதற்கு அந்த வரியைப் போல இரண்டு மடங்கு, 62,400, அபராதம். வட்டி தனி. வழக்குத் தொடரவும் சட்டத்தில் இடமுண்டு. இடைத்தரகர் செய்தது, எனக்குத் தெரியாது என்று சொல்வது உதவாது; கணக்கு உங்கள் பெயரில், உங்கள் கடவுச்சொல்லில், உங்கள் ஒப்புதலோடு போயிருக்கிறது. துறை நடவடிக்கையைத் தொடங்கும் முன்பே திருத்தக் கணக்குக் கொடுத்தால், வரியும் வட்டியும் சேர்ந்த தொகையின் மேல், மதிப்பீட்டு ஆண்டு முடிந்து எவ்வளவு காலம் ஆனது என்பதைப் பொறுத்து 25 முதல் 70 சதவீதம் வரை கூடுதலாகக் கட்ட வேண்டும். நான்கு ஆண்டுகள் வரை இதற்கு வாய்ப்பு உண்டு.

உண்மையாகவே கொடுத்தவர்கள் பயப்பட ஒன்றுமில்லை. வங்கிக் கணக்கு அறிக்கை, கட்சியின் பெயரும் பான் எண்ணும் உள்ள ரசீது, கொடுத்த நாளில் கட்சி பதிவில் இருந்தது என்பதற்கான ஆதாரம், இந்த மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டால் நோட்டீசுக்குப் பதில் சொல்லிவிடலாம்.

புதிய வரிமுறையில் இந்தப் பேச்சே இல்லை

2023-24 நிதியாண்டிலிருந்து புதிய வரிமுறைதான் இயல்பாக வருவது. அதில் 80ஜியும் கிடையாது, 80ஜிஜிசியும் கிடையாது. நிவாரண நிதிக்குக் கொடுத்தாலும் கட்சிக்குக் கொடுத்தாலும் வரிக் கணக்கில் ஒன்றுதான். மேலே பார்த்த ஏற்றத்தாழ்வு எல்லாம் பழைய வரிமுறையை விரும்பித் தேர்ந்தெடுப்பவர்களுக்கு மட்டுமே.

கம்பெனிகளுக்கும் இதே மாதிரி ஒரு முறை 2019இல் வந்தது: 22 சதவீத வரி, ஆனால் பெரும்பாலான கழிவுகளை விட்டுவிட வேண்டும். 2020-21 நிதியாண்டிலிருந்து, அந்த முறைக்குப் போன கம்பெனிகளுக்கு 80ஜிஜிபியும் போய்விட்டது. அதற்காகத் தேர்தல் பத்திர விற்பனை நின்றுவிடவில்லை. 2018 முதல் 2024 ஜனவரி வரை சுமார் 16,500 கோடி ரூபாய்க்குப் பத்திரங்கள் விற்றன. வரிக் கழிவு இருந்தால்தான் வெள்ளையில் கொடுப்பார்கள் என்பது 2003இல் சொன்ன வாதம். கட்சிக்குக் கொடுக்க நினைக்கும் பெரிய கம்பெனிக்கு வேறு காரணங்கள் இருக்கின்றன. கழிவு கிடைத்தால் வாங்கிக்கொள்ளும், கிடைக்காவிட்டாலும் கொடுக்கும்.

2022-23இல் கட்சி நன்கொடைக் கழிவுகளால் அரசு விட்டுக்கொடுத்த வரி 4,000 கோடி ரூபாயை ஒட்டி இருந்ததாகப் பட்ஜெட் ஆவணங்களில் ஒரு மதிப்பீடு உண்டு. அதில் எவ்வளவு உண்மையாகவே கட்சி அலுவலகங்களுக்குப் போய்ச் சேர்ந்த பணத்துக்கானது, எவ்வளவு கமிஷன் போகத் திரும்பி வந்த பணத்துக்கானது என்று அந்த ஆவணத்தில் பிரித்துப் பார்க்க வழியில்லை.